குருமனை வாசலில் ஒரு துளசி



கடந்த மூன்று ஞாயிறுகளாக என் பிரசங்கத்தில் பாதி இருமலாகவே இருந்தது என்பதைச் சபையார் அறிவீர்கள். மார்கழிப் பனியில் பிடித்த சளி தை பிறந்தும் விடவில்லை. செஞ்சியில் இது புதுமையன்று. விடியற்காலையில் இராஜகிரியின் அடிவாரம்வரை பனி இறங்கி நிற்கிறது. வெயில் ஏறியதும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வர, தூசியும் சுணையும் தெருவெங்கும் பறக்கின்றன.

நம் ஊரின் காற்றுக்கு இந்தப் பெயர் நெடுநாளாகவே உண்டு. 1750இல் இக்கோட்டையைப் பிடித்து 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுக்காரர், ஒரே வேளையில் 100 ஐரோப்பியருக்கு மேல் இங்கு வைத்திருந்ததில்லையாம். ஆயினும் அப்பத்தாண்டுகளில் 1,200 பேரை நோய்க்குப் பறிகொடுத்தனர் என்று ஆங்கிலேயர் காலத்துக் குறிப்பு கூறுகிறது. அவர்களைக் கொண்டுபோனது சளியாயிராது, காய்ச்சலாயிருக்கும். எண்ணிக்கை மிகையாகவும் இருக்கலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதைக் குறித்து நாம் பெருமைப்படும் அதே கோட்டைதான் அது.

சென்ற வாரம் சபையின் மூத்த தாயார் ஒருவர் தம் வயல்வேலியிலிருந்து ஒரு கொத்து ஆடாதொடையும், தொட்டியில் வளர்த்த துளசிச் செடி ஒன்றும் கொண்டுவந்து குருமனை வாசலில் வைத்தார். “ஐயா, தினம் நாலு இலை கிள்ளிப் போட்டுக்குங்க” என்றார். அன்று மாலை ஜெபக்கூட்டத்துக்கு வந்த சகோதரர் ஒருவர் அந்தத் தொட்டியைப் பார்த்துத் தயங்கி நின்றார். “ஐயா, குருமனை வாசலிலே துளசியா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றார்.

அவருக்கு அங்கேயே நான் சொன்ன மறுமொழி இருமலில் பாதி போய்விட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். அயலார் ஒரு செடியை வணங்குவதனால் அச்செடி அவர்களுடையதாகிவிடுவதில்லை. நாம் வணங்காததனால் அது நமக்கு அந்நியமாவதுமில்லை. ஆதியாகமத்தின்படி பூமி பூண்டுகளை முளைப்பித்தது மூன்றாம் நாளில். மனிதன் வந்தது ஆறாம் நாளில். மனிதருக்குள்ளே உண்டான பிரிவினைகளைச் செடியின்மேல் சுமத்துவது எவ்வகையில் நியாயம்? அவர்கள் மாடத்தில் வைத்து வணங்குகிறார்கள். நாம் தொட்டியில் வைத்துக் கஷாயம் காய்ச்சுகிறோம். அடுத்த வீட்டாருக்கு இதில் குழப்பம் வரும் என்பதை நான் நம்பவில்லை. தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நம் முன்னோர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி குருண்ட்லர், 1711இலேயே தமிழ் மருத்துவ முறைகளைத் தம் மொழியில் தொகுத்து எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1776இல் வந்த ராட்லர் ஐயர் பெரிய தமிழ் அகராதியைத் தொகுத்தவர் என்று அறிவோம்; அவர் வாழ்நாளெல்லாம் நம் நாட்டுச் செடிகளைச் சேகரித்து உலர்த்திவைத்த தாவரவியலாளர் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அயல்நாட்டார் நம் வேலியோரத்தில் குனிந்து பார்த்ததை நாம் பார்க்காமல் தாண்டிப் போகிறோம்.

விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்பது வேறு சிலரின் கேள்வி. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டப்படும் என்ற வாக்கு முதலில் வந்துவிட்டது. அதன் பின்னரே ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். வாக்கைப் பெற்றவனுக்கும் பத்து போடப்பட்டது. அநேகரைச் சுகமாக்கிய பவுலும் தீமோத்தேயுவின் வயிற்று வலிக்குக் கைவைத்தியமே எழுதியனுப்பினார்.

இனி, செடிகளுக்காகப் பரிந்து பேசும் நானே அவற்றின் எல்லையையும் சொல்ல வேண்டும். சளி வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் தானே நீங்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. நொச்சி இலை போட்டுப் பிடிக்கும் ஆவி மூக்கடைப்பைத் தளர்த்தும். கற்பூரவல்லிச் சாறும் சுக்குக் கஷாயமும் தொண்டைக்கு இதம் தரும். ஆடாதொடையைச் சற்று மதிப்புடனே பார்க்கிறேன். அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை வைத்தே புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து உருவாக்கப்பட்டது. வீரியமுள்ளது என்பதாலேயே கர்ப்பிணிகள் அதைத் தொடலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் சபையின் சகோதரர் ஒருவர் மூன்று மாதம் தூதுவளை ரசமும் கஷாயமுமாகவே இருமலைச் சமாளித்துக்கொண்டிருந்தார். நானும் அவர் வீட்டில் ஜெபித்துவிட்டு, “சரியாகிவிடும்” என்று சொல்லி வந்தேன். உடல் பாதியாக இளைத்த பின்னரே சோதித்தார்கள், காசநோய். ஆறு மாத மாத்திரையில் பிழைத்துக்கொண்டார். அதற்குள் அவருடைய பேரப்பிள்ளைக்கும் தொற்றியிருந்தது. “சரியாகிவிடும்” என்ற என் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அது இலவசம். மூன்றாம் வாரம் தொடங்கியபோது நானும் போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, “ஐயருக்குமா?” என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. இருமல் நெல் தூசியால் நீடிக்கிறது என்று மருத்துவர் கருதுகிறார். காலையில் வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடச் சொன்னார்.

வளர்ப்பதற்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. கற்பூரவல்லியை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, கீழ் இலைகளை நீக்கி, செம்மண்ணும் மணலும் எருவும் கலந்த தொட்டியில் பாதி நிழலில் ஊன்றினால் போதும். அதற்கு எமன் தண்ணீரே. அளவு மீறினால் தண்டு அழுகும். துளசி நல்ல வெயில் கேட்கும். பூங்கதிரைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். தூதுவளைக்கு ஏறப் பந்தல் வேண்டும், இலையில் முள் உண்டு, சமைக்குமுன் நீக்க வேண்டும். ஆடாதொடையும் நொச்சியும் தொட்டியில் அடங்கா. அவற்றை வேலியில் நடுங்கள். ஆடு தொடாதது என்பதாலேயே ஆடாதொடை என்ற பெயர் வந்தது என்பார்கள். வேலிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? பக்கமலைக் காட்டுக்குப் போய் வேரோடு பிடுங்கி வருவது மட்டும் வேண்டாம்.

குருமனைக் கற்பூரவல்லி இப்போது தொட்டியை மீறித் தொங்குகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்பவர்களுக்கு ஒடித்துத் தருகிறேன். தாயார் இன்னும் ஆறு துளசி நாற்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். தயங்கிய சகோதரருக்கு ஒன்று எடுத்துவைக்கச் சொன்னேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.