வெளிநாட்டில் படிக்க ஆசையா? முதலில் பாஸ்போர்ட்டை எடு தம்பி!



வளைகுடா விசா என்றால் வீட்டு நகையை விற்றாவது ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறோம். அதே பிள்ளை வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்று கேட்டால், "வட்டிக்குக் கடன் வாங்கியா படிக்கப் போகிறாய்?" என்று வாயை அடைத்து விடுகிறோம். வட்டிக்கு அஞ்சுவது ஈமானின் அடையாளம். மறுக்கவில்லை. ஆனால் கடன் வேறு, உதவித்தொகை வேறு என்பதை யார் நமக்குச் சொன்னது?

வெளிநாட்டுக் கல்விக் கடனின் வட்டிக்கு மானியம் தந்து வந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டத்தை 2022-23ல் நிறுத்தி விட்டார்கள். ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைக்கும் அதே கதிதான். இதை எதிர்த்துக் குரல் கொடுப்போம். ஆனால் நம் குரல் டெல்லிக்கு எட்டும் வரை பிள்ளையின் வயது நிற்குமா?

துருக்கி அரசின் உதவித்தொகையைப் பாருங்கள். இளங்கலைக்கு 21 வயதுக்குள், முதுகலைக்கு 30க்குள், பிஎச்.டி.க்கு 35க்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் இளங்கலைக்கு 70 சதவீதம், மேற்படிப்புக்கு 75, மருத்துவத்துக்கு 90. படிப்புக் கட்டணம், தங்குமிடம், மாதச் செலவு, விமான டிக்கெட், ஓராண்டு மொழிப் பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது! "நான் வாங்கித் தருகிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பி விடுங்கள்.

பிளஸ் டூ முடித்ததும் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் போலச் சிலதான். முதுகலைக்குத்தான் கதவுகள் அதிகம். பிரிட்டனின் செவனிங் ஓராண்டு முதுகலைக்கு. அதற்கு 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே இல்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான் வழி தேட வேண்டும். பிஎச்.டி. என்றால் ஐரோப்பாவில் பல இடங்களில் சம்பளமே தருகிறார்கள். எனவே திருச்சியிலோ வாணியம்பாடியிலோ இன்று டிகிரி படிக்கும் தம்பி, முதலாண்டு மதிப்பெண்ணையே அலட்சியம் செய்யாதே! மதரஸாவில் ஓதிய எங்களுக்கு மதீனாவும் அல்அஸ்ஹரும் மட்டுமே தெரிந்திருந்தன. உங்களுக்கு அதையே சொல்லித் தந்தது எங்கள் குறை.

ஒரு ஜும்ஆ முடிந்து ஒரு தம்பி விண்ணப்பத்தோடு வந்தார். கடைசித் தேதிக்கு மூன்றே நாள். மார்க் ஷீட்டில் முகமது, பாஸ்போர்ட்டில் முஹம்மத், பிறப்புச் சான்றிதழில் வாப்பா பெயர் வேறு மாதிரி. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கையில் இல்லை. 88 சதவீதம் வாங்கிய பிள்ளை! என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வியாபாரப் பெருமக்களே, லட்சங்களைக் கேட்கவில்லை. ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்சுக்கு மட்டும் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பாஸ்போர்ட், சான்றிதழ் நகல்கள் தனி. கல்யாணப் பந்தலின் விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் காசு இது. பிள்ளை ஜகாத்துக்குத் தகுதியான ஏழையென்றால் ஜகாத்திலிருந்தே கொடுங்கள். பெண் பிள்ளைகளை மறந்து விடாதீர்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லாவில் ஒரு மேசை போடுங்கள். பிளஸ் ஒன் முதல் டிகிரி வரை படிக்கும் பிள்ளைகளின் சான்றிதழ்களைக் கொண்டு வரச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, வாப்பா பெயர் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள். துருக்கி விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி 10ல் தொடங்கி பிப்ரவரி 20ல் முடிந்து விடும்.