சொட்டும் வால்வை அடைக்கலாமா?

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையிலும் வெந்நீர் ஹீட்டருக்கு வேலை அதிகம், மெக்கானிக்குக்கும் அப்படியே.

தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கிறது என்பதே முதற் புகார். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால், சூடேறும்போது அது காயில் மீது படிந்துவிடும். வெந்நீர் அண்டாவின் அடியில் காணும் வெள்ளைப் படிவும் இதுவே. படிவை நீக்கிக் கழுவினால் பல ஹீட்டர்கள் பிழைத்துக்கொள்ளும். புதிது வாங்க அவசரம் வேண்டியதில்லை.

கவலைக்குரியது வேறொன்று. 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் கால் லிட்டர் பெருகும். அந்த அழுத்தத்துக்கு வழிவிடவே பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது. தரை நனைகிறதே என்று அதை அடைத்துக் கொடுக்கும் பேர்வழிகள் உண்டு. அடைக்கச் சொல்லிக் கேட்கும் வீட்டாரும் உண்டு! பிறகு தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கக்கூடும். ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் ஓயாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டுமே தவிர அடைக்கலாகாது.

குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். எர்த் இணைப்பைச் சோதிக்காமல் காயிலை மட்டும் மாற்றுகிறவருக்குக் கூலி கொடுப்பானேன்? அவர் புறப்படுமுன் வால்வு திறக்கிறதா என்று காட்டச் சொல்லிக் கேட்பதில் வீட்டாருக்குக் கூச்சம் வேண்டாம்.