விண்ணப்பமே வினாத்தாள்

எம்.பி.ஏ. நேர்முகத் தேர்வில் கோட்டைவிடும் மாணவர்களில் பலரைக் கவிழ்ப்பது, அவர்களே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த ஏதோ ஒரு வரிதான். 'பொழுதுபோக்கு: வாசிப்பு' என்று எழுதியிருப்பார்கள். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

திருவனந்தபுரத்தை உதாரணமாகப் பார்ப்போம். கேரளத்தில் எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கே-மேட் தேர்வை நடத்தும் நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மை நிறுவனம், 1939-ல் தொடங்கி இப்போது ஸ்ரீகார்யத்தில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரியின் எம்.பி.ஏ. பிரிவு என்று அரசு சார்ந்த இடங்களும் இங்கே உண்டு. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, குழு விவாதத்துக்கு 10, நேர்முகத்துக்கு 10 என்பது இங்குள்ள கணக்கு. பத்துதானே என்று அசட்டையாக இருக்க முடியாது. நுழைவுத் தேர்வில் நெருக்கியடித்து நிற்பவர்களைப் பிரிப்பது அந்தப் பத்துதான். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மோ அண்மை ஆண்டுகளில் இறுதித் தேர்வில் பாதி மதிப்பை நேர்முகத்துக்கே கொடுக்கிறது.

இந்நகரத்தின் டெக்னோபார்க் தகவல் தொழில்நுட்ப வளாகத்தில் இரண்டு வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். "எதற்காக எம்.பி.ஏ.?" என்று கேட்டதும், "தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள, சார்" என்று பதில் வரும். பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட பதில் அது. அடுத்த கேள்வி சாதாரணமாகத்தான் வரும்: "நீங்கள் சோதித்த மென்பொருளை வாங்கியது யார்? அவர்களுக்கு அதனால் என்ன லாபம்?" அங்கே பேச்சு நின்றுவிடும். அதே ஆள், "எங்கள் குழுவும் மென்பொருள் எழுதிய குழுவும் வெவ்வேறு மேலாளர்களின் கீழ் இருந்தோம். பிழையைக் கண்டுபிடித்தாலும் யார் திருத்துவது என்று முடிவாக ஒரு வாரம் ஆகும். இப்படிப்பட்ட வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று படிக்க வந்தேன்" என்று சொல்லியிருந்தால், கேட்பவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆங்கிலம் சற்றுத் தடுக்கினாலும் பரவாயில்லை. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ரயிலேறி திருவனந்தபுரத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் உச்சரிப்பை நினைத்தே பாதி பயந்துபோகிறார்கள். சரக்கு இருக்கும் பதிலுக்கு உச்சரிப்பு தடையாக நிற்பது அரிது.

இன்னொரு பெரிய பிழை, சொந்த ஊரைப் பற்றித் தெரியாமல் இருப்பது. 'சரக்குப் போக்குவரத்துத் துறையில் ஆர்வம்' என்று திருவனந்தபுரத்து மாணவர் எழுதினால் விழிஞ்ஞம் பற்றிக் கேள்வி வராமல் போகாது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்து, 2025 மே 2 அன்று பிரதமர் முறைப்படி திறந்துவைத்த துறைமுகம் அது. சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைல் தூரத்தில். இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாற்றி ஏற்றப்பட்ட இந்தியச் சரக்குக்கு இது என்ன மாற்றம் தரும்? துறைமுகத்தை எதிர்த்து மீனவர்கள் ஏன் போராடினார்கள்? இதற்கு யாரும் மேற்கோள் கேட்கப்போவதில்லை. நகரத்திலிருந்து அரை மணி நேரத்தில் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவருக்கும், முந்தின இரவு செய்தித் தொகுப்பை மனப்பாடம் செய்தவருக்கும் வித்தியாசம் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரு பொய்யைத் தாங்கிப்பிடிக்க மூன்று பொய் சொல்ல வேண்டிவரும். எதிரே இருப்பவர்கள் அந்தப் பாடத்தையே நடத்துபவர்களாக இருக்கக்கூடும்.

நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் சான்றிதழ் விஷயத்தில் குமரி மாவட்டத்தவர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஐ.ஐ.எம்.களின் ஓ.பி.சி. இடஒதுக்கீட்டுக்குப் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்ற சான்று தனியே வேண்டும். கேரள அரசின் இடஒதுக்கீடோ அம்மாநிலத்தவருக்கானது. இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதில் பயனில்லை.

பிழை மாணவர் பக்கம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 1980-ல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் நேர்முகத்தைக் கண்டித்தது. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். பெற்றோர் யார், வீடு எங்கே என்பது போன்ற கேள்விகள். அதற்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண். 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1979-ல் நடந்ததும் யோசிக்க வைக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு மாகாண அரசு திடீரென 50 இடங்களைக் கூட்ட, நேர்முகத்துக்குப் பின் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டவர்களைக் கொண்டே அவை நிரப்பப்பட்டன. பின்னர் ஆராய்ந்தபோது, முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் படிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. பத்து நிமிடப் பேச்சில் ஆளை எடைபோட்டுவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி.

எனவே நிறுவனங்கள் செய்ய வேண்டியது தெளிவு. நேர்முகத்துக்கான அந்தப் பத்து மதிப்பெண்ணில் பாட அறிவுக்கு எத்தனை, வேலை அனுபவத்துக்கு எத்தனை, பேச்சுத் தெளிவுக்கு எத்தனை என்பதை விண்ணப்ப அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். எல்லோரிடமும் பொதுவாகச் சில கேள்விகளையாவது கேட்க வேண்டும். பதிவுசெய்து வைக்க வேண்டும். அப்படிச் செய்தால், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத பாறசாலை மாணவரும் எதற்குத் தயாராவது என்று தெரிந்துகொண்டு வந்து உட்காருவார்.