ஆவணப் பெட்டிகளில் பெண்களைத் தேடி

ஒரு விடுதலைப் போராட்டத்தின் வரலாற்றை எழுத வேண்டுமானால் அதன் கடதாசிகள் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1993ஆம் ஆண்டிலே ஒருபுறம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. மறுபுறம் அந்நாட்டின் தேசியப் புலனாய்வுச் சேவைத் தலைமையகம் தன்னிடமிருந்த கோப்புகளை உருக்காலைச் சூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆறு தொடக்கம் எட்டு மாத காலத்துக்குள் ஏறத்தாழ 44 தொன் கடதாசிகளும் நுண்படச் சுருள்களும் இவ்வாறு அழிக்கப்பட்டதாக உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 1998இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. யாரைக் கண்காணித்தார்கள், யாரைக் காட்டிக்கொடுக்க வைத்தார்கள், காணாமற்போனவர் கடைசியாக எந்த அறையில் இருந்தார் என்ற கேள்விகளுக்கான விடைகள் அந்த நெருப்பில் எத்தனை போயினவோ!

சரி, எரிந்தவை போக எஞ்சியவற்றுக்குள் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கினால் சில வேளைகளில் சிரிப்பும் வரும்.

1955 ஜூன் 25, 26ஆம் திகதிகளில் ஜொகன்னஸ்பேர்க்குக்கு அருகில் கிளிப்டவுன் என்ற இடத்தில் ஏறத்தாழ 3000 பிரதிநிதிகள் கூடிச் சுதந்திர சாசனத்தை நிறைவேற்றினார்கள். இரண்டாம் நாள் பொலிஸார் சுற்றிவளைத்து, கையில் அகப்பட்ட கடதாசி எல்லாவற்றையும் அள்ளிச் சென்றனர். அடுத்த ஆண்டு டிசெம்பரில் 156 பேர் கைதாகித் தொடங்கிய தேசத்துரோக வழக்கிலே அவை சான்றுப் பொருட்களாயின. அவற்றுள் சாப்பாட்டு இடத்தில் வைத்திருந்த இரண்டு அறிவிப்புகளும் இருந்தன. ஒன்றில் "இறைச்சி போட்ட சூப்" என்றும் மற்றதில் "இறைச்சி போடாத சூப்" என்றும் எழுதியிருந்தது. அரசைக் கவிழ்க்கும் சதிக்கு இதுவும் சான்றாம்! மரக்கறி சாப்பிடுபவர்களையும் யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியும் சதி. இறுதியில் 1961 மார்ச்சில் வழக்குத் தோற்று, எஞ்சியிருந்தவர்களும் விடுதலையானார்கள். சாசனத்தை மேடையில் முன்வைத்தவர்களை வரலாறு அறியும். சூப்புக் காய்ச்சியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1954 ஏப்ரல் 17இல் உருவான தென்னாபிரிக்கப் பெண்கள் சம்மேளனத்தின் ஆவணங்கள் இன்று ஜொகன்னஸ்பேர்க்கிலுள்ள விற்வோட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் பேணப்படுகின்றன. 1956 ஆகஸ்ட் 9ஆம் திகதி கடவுச் சட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ 20,000 பெண்களைப் பிரிட்டோரியாவுக்கு அழைத்துச் சென்ற அமைப்பு அதுவே. லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹீமா மூசா, சோபி வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் முன்னே நடந்தனர். அத்தகைய அமைப்பு எவ்வாறு இயங்கியது என்பதை இன்று நாம் அறிவது கூட்டக் குறிப்புகளாலும் கடிதங்களாலும்தான். நமது மாதர் சங்கங்களில் கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளரின் தலையில் கட்டப்படும் வேலையாகத்தானே இருக்கிறது!

வீடுகளில் தப்பிய ஆவணங்களும் உண்டு. வின்னி மண்டேலா 1969 மே 12இல் கைதாகி 491 நாட்கள் சிறையிலிருந்தார். அக்காலத்தில் அவர் எழுதிய குறிப்புகள் அவரது வழக்கறிஞர் ஒருவரிடம் சேர்ந்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், கணவரை இழந்திருந்த அவ்வழக்கறிஞரின் மனைவி அந்தக் கட்டை வின்னியிடமே திருப்பிக் கொடுத்தார். 2013இல் அது நூலாக வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு முறை வீடு துப்புரவாக்கும்போது பழைய கடதாசி என்று எறிந்திருந்தால்?

இவையெல்லாவற்றையும் விட என் மனதைத் தொடுவது லண்டனில் இருந்து இயங்கிய பாதுகாப்பு உதவி நிதியத்தின் கதை. தேசத்துரோக வழக்கில் சிக்கியவர்களுக்காகக் கனன் ஜோன் கொலின்ஸ் என்ற மதகுரு பணம் சேர்த்ததில் தொடங்கிய முயற்சி அது. 1966இல் தென்னாபிரிக்க அரசு அதனைத் தடைசெய்தது. அதிலிருந்து பணம் பெறுவதே குற்றமாகியது. அப்படியானால் சிறைக்குள் இருப்பவரின் மனைவி பிள்ளைகள் எதைச் சாப்பிடுவது?

வழி மிகவும் எளிமையானது. பிரித்தானியாவிலும் வேறு நாடுகளிலும் இருந்த சாதாரண ஆட்கள், பல பெண்கள் உட்பட, முன்பின் அறியாத ஒரு குடும்பத்துக்கு நட்புக் கடிதம் எழுதுவார்கள். கடிதத்தோடு கொஞ்சப் பணமும் போகும். பணம் நிதியத்துடையது, ஆனால் எழுதுபவர் தன் சொந்தப் பணம் அனுப்புவது போலவே எழுத வேண்டும். நிதியத்தின் பெயரையோ அரசியலையோ மூச்சு விடக்கூடாது. மறுமுனையிலிருந்து பதில் வரும். பிள்ளையின் பாடசாலைக் கட்டணம், குளிருக்குப் போர்வை, வீட்டு வாடகை, ரொபன் தீவுக்குப் போய்க் கணவனைப் பார்ப்பதற்கான பயணச் செலவு என்று தேவைகள் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதில் கடிதங்கள் லண்டன் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். இந்தக் குடும்ப உதவிப் பிரிவை நீண்ட காலம் நடத்தியவர் நாடுகடந்து வாழ்ந்த தென்னாபிரிக்கப் பெண்ணான ரிக்கா ஹொட்சன். வழக்குச் செலவும் குடும்ப உதவியுமாக 25 ஆண்டுகளில் நிதியம் அனுப்பிய தொகை ஏறத்தாழ 100 மில்லியன் பவுண் என்று கணக்கிடப்படுகின்றது. 1991இல் நிதியம் மூடப்பட்டபோது அதன் சேகரிப்பு கேப்டவுனிலுள்ள மேற்குக் கேப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இன்று மாயிபுயே ஆவணக் காப்பகத்தின் பகுதியாக இருக்கிறது.

பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டுவதற்காகச் சேர்த்த கடிதங்கள்தாம் அவை. இன்று சிறைக் கைதிகளின் மனைவிமார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அவற்றைப் போல் வேறு சான்று அரிது. ஆனால் ஒரு பெண் தன் வறுமையையும் நோயையும் நண்பி என்று நம்பி ஒருவருக்கு எழுதியதை எல்லோரும் வாசிக்க விடலாமா? ஆராய்ச்சியாளர்கள் என்னோடு கோபிக்கலாம். என் எண்ணம், அவரோ பிள்ளைகளோ சம்மதிக்கும் வரை பெயரை மறைத்தே காட்ட வேண்டும் என்பதுதான். சிறையிருந்தவரின் தியாகத்தைப் போற்றுவதற்கு அவர் மனைவியின் கடன் கணக்கை ஊருக்குக் காட்டத் தேவையில்லை.

இனித் தேடும் விதத்தைப் பற்றி. நமக்குத் தெரிந்த பெயரையே எடுத்துக்கொள்வோம். தில்லையாடி வள்ளியம்மை என்று தமிழர் நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்தவர். தில்லையாடி அவரது பெற்றோரின் ஊர். காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பெப்ரவரி 22இல் பதினாறு வயதில் இறந்தார். தென்னாபிரிக்க ஆவணங்களில் "தில்லையாடி" என்று தேடினால் அவர் அகப்படமாட்டார். காந்தியின் நூலில் அவர் வள்ளியம்மா முனுசுவாமி முதலியார். ஆங்கில எழுத்தில் பெயர் இடத்துக்கு இடம் மாறும். எனவே தகப்பன் பெயர், ஊர், சிறை, ஆண்டு என்று நான்கு பக்கத்தாலும் வர வேண்டும். திருமணமான பெண்கள் என்றால் கணவன் பெயருக்குள்ளும் தேட வேண்டும். தடைசெய்யப்பட்டவர்களின் பேச்சை 1960களில் பத்திரிகைகள் வெளியிட முடியாதிருந்தது. ஆகவே பத்திரிகையில் இல்லையென்றால் அவர் சும்மா இருந்தார் என்று முடிவு கட்டவும் கூடாது.

கணினி இதற்கு உதவுகிறது. மண்டேலா முதலானோரின் ரிவோனியா வழக்கு பிளாஸ்டிக் பட்டிகளில் ஒலிப்பதிவாகியிருந்தது. பிரான்ஸ் நாட்டு நிறுவனமொன்று அவற்றை மீட்டெடுத்ததால் இன்று குரல்களையே கேட்க முடிகிறது. அதே வேளை 2021 ஏப்ரலில் கேப்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் பரவிய தீ ஆபிரிக்க ஆய்வுச் சேகரிப்பின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது. பிரதி எடுக்காதவை போனவைதான்.

ஆனால் எந்தக் கருவியும், பதியப்படாததைத் தேடித் தராது. மேலே சொன்ன ஆணைக்குழுவின் முன் 1996இல் வந்த பெண்களில் பலர் கணவனுக்கு நடந்ததையும் மகனுக்கு நடந்ததையும் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். தங்களுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. பெண் ஆய்வாளர்கள் இதனைச் சுட்டிக்காட்டிய பின்னர் பெண்களுக்கென்று தனி அமர்வுகள் வைக்கப்பட்டன. 1996 ஆகஸ்டில் கேப்டவுனிலும், ஒக்டோபரில் டேர்பனிலும், 1997 ஜூலையில் ஜொகன்னஸ்பேர்க்கிலும் அவை நடந்தன. தடுப்புக்காவலில் தம் உடலுக்கு நேர்ந்ததைப் பெண்கள் அங்கே தம் வாயாலேயே சொன்னார்கள். அந்தச் சாட்சியங்கள் சொல்லுக்குச் சொல் எழுத்தில் இருக்கின்றன. எவரும் வாசிக்கலாம்.