மதுரைக்கு இரண்டு நாள்

பங்குனி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாலை வேளைகளில் திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் நடைபெறும் சம்பாஷணைகளில் ஒரு விஷயம் தவறாமல் தலைகாட்டும். இவ்வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போவதா, போனால் யார் யார் போவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்பதே அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடும். இரண்டரை மணி நேரப் பிரயாணத்துக்கு இத்தனை யோசனை எதற்கு என்று வெளியூர்க்காரர் வியக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கும் கல்யாணத்துக்கும் வருஷம் முழுவதும் போய்வருகிற ஊர்தான் என்றாலும், சித்திரை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிய அந்த நாட்களில் மதுரை வேறொரு நகரமாகிவிடுகிறது என்பதையும், மற்ற நாட்களில் பழகிய வழிகளும் கணக்குகளும் அப்போது செல்லுபடியாவதில்லை என்பதையும் ஒருமுறை குழந்தை குட்டிகளுடன் போய்வந்தவர் அறிவர்.

நம் இரண்டு ஊராருக்கும் இத்திருவிழாவில் உள்ள பாத்தியதை மற்ற ஊராருக்கு இல்லாதது. அழகர் ஆற்றில் இறங்கும்போது அவர் திருமார்பில் விளங்கும் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சென்றது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலையும், அவள் கையில் ஏந்தும் கிளியும், பட்டு வஸ்திரமும் மேளதாளத்துடன் மாட வீதிகளைச் சுற்றிப் புறப்படுவதை ஊர் கூடி நின்று வழியனுப்புகிறது. புரட்டாசியில் திருமலைக் கருட சேவைக்கும் இவ்வாறே மாலை செல்கிறது என்றாலும், திருப்பதி நெடுந்தூரம்; மதுரையோ கூடவே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். பொறுமையாகத் தொடுத்த அந்தக் கனத்த மாலையை, இலையின் பசுமையும் பூவின் நிறமும் மாறி மாறி வரும் அதன் பின்னலை, நம் ஊரில் ஆண்டாளின் தோளில் கண்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ அழகரின் தோளிலும் காண்பது என்பது நம்மவர்க்கு மட்டுமே எளிதில் வாய்க்கும் பாக்கியம்.

ஆனால் அந்த மாலை எங்கே போகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அது நேரே வைகைக் கரைக்குப் போவதில்லை. ஆற்றில் இறங்குவதற்கு முன்தினம் அழகர் தங்கும் தல்லாகுளம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்குப் போகிறது. திருமஞ்சனம் முடிந்து அவர் அதனை அணிந்துகொள்வது அங்கேதான். நாம் மட்டும் மாலையை விட்டுவிட்டு, விடியற்காலத்துக் கூட்டத்தை நோக்கி ஓடுகிறோம்.

சித்திரைத் திருவிழா உண்மையில் இரண்டு திருவிழாக்கள் என்பதை நினைவிற்கொண்டால்தான் பிரயாணத் திட்டம் ஒழுங்குபடும். மீனாட்சியின் திருக்கல்யாணம் முன்பு மாசியில் நடந்து வந்தது என்றும், அழகர் தேனூரை நோக்கி வந்துகொண்டிருந்தார் என்றும், 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இவ்விரண்டும் சித்திரையில் ஒருங்கு சேர்க்கப்பட்டன என்றும் சொல்வது வழக்கம். இதன் சமூகப் பின்னணியை அறிய விரும்புவோர், தொ. பரமசிவனின் ஆராய்ச்சி நூலான ‘அழகர் கோயி’லைப் படிக்கலாம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. நாயக்க மன்னரின் ராஜதந்திரம் எதுவாயினும், நமக்கு அதனால் விளைந்த பலன் ஒன்றுண்டு: திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, ஆற்றில் இறங்குதல் ஆகியவை யாவும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. இரண்டு நாள் விடுப்பில் புறப்படுகிற குடும்பம் இவை அனைத்தையும் அள்ளிக்கொள்ள ஆசைப்படுகிறது. கடைசியில் தெருத்தெருவாய் நடந்த அலுப்பையே அள்ளிக்கொண்டு திரும்புகிறது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதியோரும் கைக்குழந்தையும் உள்ள குடும்பம், அழகர் ஆற்றில் இறங்கும் அந்த ஒரு வேளையைத் தன் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவதே உத்தமம். பக்திக் குறைவால் இதைச் சொல்லவில்லை. ஆல்பர்ட் விக்டர் பாலத்தை ஒட்டிய ஆற்றுப்பகுதியில் இரவெல்லாம் காத்து நிற்கும் ஜனத்திரளில், ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் இடுப்பு மட்டுமே. நோய்த்தொற்றினால் இரண்டு வருஷங்கள் மக்கள் கூடாதிருந்து, 2022-இல் திருவிழா மீண்டும் நடைபெற்றபோது, அவ்விடத்து நெரிசலில் இருவர் உயிரிழந்ததை மறந்துவிடலாகாது. தங்கக் குதிரை தண்ணீரில் கால்வைக்கும் அந்தக் கணத்தைத் தொலைக்காட்சி ஒவ்வொரு வருஷமும் நமக்கு அண்மையில் காட்டிவிடுகிறது. அழகர் என்ன வண்ணப் பட்டு உடுத்தி வந்தார், பச்சையானால் விளைச்சல் நன்று என்ற விசாரமும் வீட்டிலிருந்தே செய்யத்தக்கதுதான்.

அதற்குப் பதிலாக எதைப் பார்ப்பது என்றால், அழகர் அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் மதுரைக்கு வருவதில்லை. கள்ளர் திருக்கோலத்தில் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வரும் அவரை மூன்றுமாவடியில் நகரத்தார் எதிர்கொள்வதே எதிர்சேவை. புதூர், தல்லாகுளம் சாலைகளில் அன்று முழுவதும் காணலாம் அந்த வைபவத்தை. பித்தளைச் செம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாழையிலையால் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றி ஏந்தி நிற்கும் பெண்கள். தோளில் தோல்பை தொங்க, தலையில் உருமால் கட்டி, கருப்பர் வேஷமிட்டுத் தண்ணீர் பீய்ச்சும் இளைஞர்கள். திரியெடுத்து ஆடும் கிழவர்கள். பத்தடிக்கு ஒருவர் பானகமும் நீர்மோரும் வைத்துக்கொண்டு வழிப்போக்கரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உபசரிக்கும் காட்சி. சாமி ஒரு மண்டகப்படியில் தவறினால் அடுத்த மண்டகப்படியில் கிடைப்பார். குழந்தை அழுதால் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கொள்ளலாம். வீதி அகலமானது, வெளியேறும் வழி பல. அன்றிரவு தல்லாகுளத்தில், கோயிலுக்குள் நுழைய இயலாவிட்டாலும், நம் ஊர் மாலை வந்து சேர்ந்திருக்கும் வாசலருகே நிற்கலாம்.

அதுவும் கூடாதெனில், ஆற்றில் இறங்கிய மறுநாள் போகலாம். நான் எவரையும் நிர்ப்பந்திப்பதாயின் இதற்கே நிர்ப்பந்திப்பேன். முதல்நாள் பெருங்கூட்டத்தில் ஒரு பகுதி ஊர் திரும்பியிருக்கும். வண்டியூரிலிருந்து சேஷ வாகனத்தில் புறப்படும் அழகர், தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக முனிவருக்கு மோட்சம் அளிக்கிறார். தவளையாய்ச் சபிக்கப்பட்ட முனிவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவதற்கு இதைவிட ஏற்ற இடமும் நேரமும் இல்லை. அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி விடிய விடிய நடக்கிறது. ஒவ்வோர் அவதாரமாக அலங்காரம் மாறி வருவதால், பாதியில் எழுந்து போகிறவருக்கும் நாலைந்தாவது கண்ட திருப்தி உண்டு.

இனி, பெண்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம். ஆண்கள் வகுக்கும் திட்டங்களில் இது எப்போதும் கடைசியில் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்த யோசனை நடந்தபோது, மகன் ரயில், பஸ், லாட்ஜ் என்று உற்சாகமாக அடுக்கிக்கொண்டே போக, மூட்டுவலியுள்ள தாயார், “எல்லாம் சரிப்பா, ராத்திரி பூரா ஆத்தங்கரையில நின்னா நான் காலை எங்க நீட்டுறது?” என்று கேட்டார். அதுவரை பேசாதிருந்த மருமகள், “அத்தை, அதைவிட, ஒண்ணுக்குப் போகணும்னா நாம எங்க போறதுன்னு முதல்ல கேளுங்க” என்றார். சபை மௌனமாயிற்று. அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற ஏற்பாடுகள் தாமே அமைந்துவிடும் என்பது என் துணிபு. தங்கும் இடம் பார்க்கப் போகும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், நடுவில் யாருடைய வீடு இருக்கிறது, எத்தனை மணிக்கொருமுறை திரும்பலாம் என்பவையெல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. தண்ணீர் குடிக்காமலே விரதம்போல் நாளைக் கழிக்கும் நம் பெண்களின் சகிப்புத்தன்மையை ஆதாரமாக வைத்து எந்த உற்சவத்தையும் நடத்தலாகாது. மாநகராட்சி தற்காலிகக் கழிப்பறைகள் வைப்பதோடு, அவை எந்தெந்தத் தெருவில் உள்ளன என்பதைச் சாமி புறப்பாட்டு நேரங்களோடு ஒரே தாளில் அச்சிட்டு, ஒரு மாதம் முன்னரே நம் ஊர்ப் பஸ் நிலையங்களிலும் ஒட்டச் செய்யுமானால், அது பெரிய புண்ணிய கைங்கரியமாகும்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஸ் கிருஷ்ணன்கோயில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக ஓரளவு நேராகச் செல்லும். ரயில் சிவகாசி, விருதுநகர் என்று வளைந்து சென்றாலும், முதியவர்களுக்கு எழுந்து நடக்க இடமுண்டு, திருவிழா நாளில் நகரச் சாலைகள் அடைபட்டுக் கிடக்கும்போது மீனாட்சி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இறக்கியும் விடும். 1927-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை இன்னும் ஒற்றைப் பாதையாகவே இருப்பதால், நினைத்த நேரத்தில் நினைத்தபடி வண்டி கிடைப்பதில்லை. செங்கோட்டைக்கும் மதுரைக்கும் இடையே அந்தச் சில நாட்களுக்கு மட்டுமேனும் கூடுதல் வண்டிகளை ரயில்வேயார் விடுவது அவசியம். சென்னையிலிருந்து வந்து குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே மாசியிலேயே தேதியைக் குறித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வீட்டில் தங்குகிறவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை மாம்பழக் காலம். ராஜபாளையத்துத் தோப்புக்காரர் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கனிந்து நிற்கையில் இரண்டு நாள் அகல மாட்டார். மில்லில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியாதவரும், சத்திரப்பட்டியில் தறியை நிறுத்த இயலாதவரும் உண்டு. ராஜபாளையத்து நாயை வளர்ப்பவர் வீட்டிலோ, அந்நியர் கையால் ஒரு கவளமும் உண்ணாத அந்த வெள்ளைப் பிராணிக்காகவே ஒருவர் பின்தங்க நேரும்! இவர்களில் எவரையும் வற்புறுத்தி இழுத்துச் செல்வதால் யாருக்கும் சுகமில்லை. இந்த வருஷம் தங்கியவர் அடுத்த வருஷம் போவார் என்று குடும்பத்துக்குள் முறை வைத்துக்கொண்டால் மனஸ்தாபம் இராது.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, விடுதிகளில் அந்நாட்களில் அறை கிடைப்பதும் அரிது, கிடைத்தால் வாடகையும் அதிகம். பெரும்பாலோர் உறவினர் வீட்டையே நம்புகின்றனர். செல்லூரிலோ புதூரிலோ இரண்டே அறைகள் கொண்ட வீட்டில், முன்னறிவிப்பின்றிப் பன்னிரண்டு பேராய் இறங்கி, ஒரு கிலோ பால்கோவாவை நீட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். அந்த வீட்டு அம்மாள் மூன்று நாட்கள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை என்பதும், ஊர்க்காரராய் இருந்தும் அவர் எதிர்சேவையைக் கண்ணால் காணவில்லை என்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஆட்கணக்கை முன்கூட்டிச் சொல்வதும், காலைப் பலகாரத்தை வெளியில் முடித்துக்கொள்வதும், சாமி பார்க்கப் புறப்படும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்வதும் அவசியம். இதெல்லாம் செய்தும் பாக்கி ஒன்று நிற்கும். மூன்று மாதத்தில் ஆடிப்பூரம் வருகிறது. ஆண்டாளும் ரங்கமன்னாரும் ஏறிவரும் பெரிய தேரைப் பார்க்க மதுரைக்காரர்களுக்கும் ஆசை உண்டு. அவர்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் நாம் அந்த வீட்டுப் படியை விட்டு இறங்க வேண்டும். கூப்பிட்டபின், பின்கட்டு அறையில் போட்டுவைத்திருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை ஆனிக்குள் ஒழித்தாகவும் வேண்டும்.