தர்பூசணிக்கு நடுங்கிய ராணுவம்

“சுவரொட்டியால் டாங்கியைத் தடுக்க முடியுமா? படம் வரைந்து நாடு விடுதலை பெறுமா?” என்று ஏளனம் பேசும் மேதாவிகள் உண்டு. “கலை வேறு, அரசியல் வேறு” என்று உபதேசிக்கும் கனவான்களும் உண்டு. இவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. இஸ்ரேலிய ராணுவமே சொல்லிவிட்டது.

1967 ஜூனில் மேற்குக் கரையைப் பிடித்த ராணுவம், ஆகஸ்டு மாதமே 101-ம் எண் உத்தரவைப் போட்டது. அனுமதியின்றிக் கொடி ஏற்றக் கூடாது. அரசியல் பொருள் கொண்ட சுவரொட்டி, படம், பிரசுரம் எதுவும் வெளியிடக் கூடாது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை! வெறும் காகிதத்துக்கா 10 ஆண்டு?

1980-ல் ரமல்லா நகரில் ஓர் ஓவியக் கூடத்தை இழுத்து மூடினார்கள். சுலைமான் மன்சூர் உள்ளிட்ட மூன்று ஓவியர்களை அழைத்து அதிகாரி மிரட்டினார்: சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை நான்கும் ஒரு படத்தில் சேரக் கூடாது. பூ வரைந்தால்? தர்பூசணி வரைந்தாலும் பறிமுதல்தான்! மன்சூரே பிற்பாடு சொன்ன விவரம் இது. அந்த அதிகாரிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து உதிர்ந்த பழம்தான் இன்று தேசமெங்கும் ஊர்வலங்களில் கொடியாகப் பறக்கிறது.

இதைவிடச் சுவையான கதை ஒன்று. 1936-ல் பிரான்ஸ் கிராவுஸ் என்ற ஆஸ்திரிய யூத ஓவியர் ஒரு சுவரொட்டி தயாரித்தார். மரத்தடியிலிருந்து தெரியும் ஜெருசலேம், நடுவே பொற்குவிமாடம், கீழே “பாலஸ்தீனத்தைப் பாருங்கள்” என்று பெரிய எழுத்து. ஜியோனிஸ்டுகள் ஆள் சேர்க்க அச்சடித்த படம்! 1969-ல் பிரதமர் கோல்டா மேயர், பாலஸ்தீனியர் என்று ஒரு ஜனமே இருந்ததில்லை என்று சாதித்தார். அம்மையாரின் ஆட்கள் 33 ஆண்டுகளுக்கு முன் எந்த நாட்டுக்கு விளம்பரம் செய்தார்களாம்?

1995-ல் அதே படத்தை மறுபதிப்புச் செய்தவர் டேவிட் டார்டகோவர். அவரும் இஸ்ரேலியரே. யூத மக்கள் வேறு, ஆக்கிரமிப்பு ஆட்சி வேறு என்பதை நம்மவரும் மறக்கக் கூடாது. பாலஸ்தீனியர் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 2009-ல் ஆமர் ஷோமலி அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்: மரத்துக்கும் நகரத்துக்கும் குறுக்கே கான்கிரீட் சுவர். குவிமாடம் தெரியாது. ஒரு சொல்லும் கூடுதலாக எழுதவில்லை அவர். ஆக்கிரமிப்பைப் பற்றிய நூறு தீர்மானங்கள் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிவிடுகிறது.

மேதாவிகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்வோம். காகிதம் டாங்கியைத் தடுக்காது. தர்பூசணிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவராலும் பயனில்லை. டாங்கிக்குப் போகும் குண்டை ஏற்றி இறக்குவது தொழிலாளியின் கை. அந்தக் கைக்குச் செய்தி கொண்டுபோவதே சுவரொட்டியின் வேலை. 2024 பிப்ரவரியில் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் ஒன்று, இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொடமாட்டோம் என்று அறிவித்தது. 11 பெரிய துறைமுகங்களில் வேலை செய்யும் தொழிலாளரின் சம்மேளனம் அது.