சாமிக்குச் சப்பாணிப் பருவம், சேரிப்பிள்ளைக்குச் சப்பாணிப் பட்டம்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்துவார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை. குழந்தை தலை நிமிர்ந்து ஆட வேண்டும். ஒன்பதாம் மாதம் சப்பாணி. உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் கொட்ட வேண்டும். ஒரு வயதையொட்டி வருகை. தளர்நடை போட்டு வர வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனுக்குப் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சிக்குப் பாடினார். ராஜாவும் சாமியும் எந்த மாசம் என்ன செய்தார்கள் என்று கணக்கு வைத்திருந்த சமூகம் இது. சேரிப்பிள்ளை எந்த மாசம் தலை நிமிர்ந்தது என்று எவன் கணக்கு வைத்தான்? சாமி செய்தால் சப்பாணி ஒரு பருவம். எங்கள் பிள்ளை நடக்காவிட்டால் சப்பாணி ஒரு பட்டம். ஊர்த்தெருவில் கூப்பிடும் பெயர்.

மருத்துவமும் அதே மாசக் கணக்கைத்தான் சொல்கிறது. ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும். பதினெட்டு மாதத்தில் நடக்க வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். தவறினால் காத்திருக்கக் கூடாது. முதல் மூன்று வருஷத்தில்தான் மூளை வேகமாக வளர்கிறது. அப்போது கொடுக்கிற பயிற்சிக்கு இருக்கிற பலன் பின்னால் கொடுப்பதற்கு இருக்காது.

எங்கள் பக்கத்துக் காலனியில் ஒரு அக்கா. செங்கல் சூளையில் கூட வேலை செய்தவள் செத்துப்போக, அவள் பெண்குழந்தையைத் தூக்கி வந்து வளர்க்கிறார். ரத்த சொந்தம் கிடையாது. குழந்தைக்கு இரண்டரை வயசு. நிற்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அக்கா ஏறாத படி இல்லை. ஓரிடத்தில், "சில புள்ள மெதுவாத்தான் வரும், போம்மா." இன்னோரிடத்தில், "பெத்தவள கூட்டிட்டு வா." இன்னோரிடத்தில், "அஞ்சு வயசு ஆகட்டும், சர்டிபிகேட் பாக்கலாம்." ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து வந்தது இது: "ஒங்க ஆளுங்களே இப்படித்தான். யார் புள்ளைய யார் வளக்குறீங்கன்னே தெரியல. நீ யாரு அதுக்கு?"

அக்கா சொன்னார்: "சோறு போடுறவ சார்."

அந்த மேசைக்கு இந்தப் பதில் போதவில்லை. சரி, உங்கள் காகிதங்களையே எடுத்துப் பேசுவோம்.

2013ல் மத்திய அரசு ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டம் கொண்டுவந்தது. பிறந்தது முதல் 18 வயது வரை எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, மனநல நிபுணர், சிறப்பு ஆசிரியர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, இலவசமாக. பெற்றவள் வந்தால்தான் பார்ப்போம் என்று அதில் எங்கே இருக்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கிராமப்புறத்தில் அருகிலேயே மருத்துவ உதவி என்கிறது. எல்லாக் குழந்தைகளையும் வருஷம் ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது. அஞ்சு வயசு என்றீர்களே? 2018ல் வந்த மதிப்பீட்டு நெறிமுறையே, ஒரு வயது முடிந்தாலே சான்று தரலாம் என்றது. ஐந்து வயது வரை 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று எழுதித் தரலாம். இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது சூளையில் கல் அறுக்கிற அக்காவா, சம்பளம் வாங்குகிற நீங்களா?

"நீ யாரு" என்ற கேள்வி சட்டத்திலிருந்து வரவில்லை. சாதியிலிருந்து வருகிறது. சாதி என்பதே ரத்தக் கணக்கு. யார் வயிற்றில் பிறந்தாய் என்பதைத் தவிர வேறெதுவும் அதற்குப் புரியாது. வைதிக மரபில் தத்து எதற்கு? கொள்ளி போட, பிண்டம் வைக்க, சொத்து வெளியே போகாமலிருக்க ஒரு ஆண்பிள்ளை. பெண்பிள்ளையைத் தத்தெடுக்க இந்துச் சட்டத்தில் பொதுவான வழி பிறந்ததே 1956ல்தான். சேரியில் சொத்தும் இல்லை, பிண்டமும் இல்லை. தாயில்லாத பிள்ளை பக்கத்துக் குடிசையில் உண்டு வளரும். அதைப் போய் ஒழுங்கீனம் என்கிறீர்கள்.

எங்களுக்கு முன்னோடி வேறு. 1863ல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் விதவைகளின் பிள்ளைகளைச் சாவிலிருந்து காக்க ஓர் இல்லம் திறந்தார்கள். ஒரு பார்ப்பன விதவை பெற்ற பிள்ளையை 1874ல் தத்தெடுத்தார்கள். அந்த யஷ்வந்த் டாக்டரானார். 1897 பிளேக்கில் சாவித்திரிபாய் நோயாளிகளைச் சுமந்து வந்து, அந்த நோயிலேயே இறந்தார். அப்போது அங்கே மருத்துவம் பார்த்தது இந்த வளர்ப்பு மகன்தான். "யார் பிள்ளை" என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களா?

இன்னொரு பயம் இருக்கிறது. "ஆபீசுக்குப் போனா புள்ளைய புடுங்கி ஹோம்ல போட்டுருவாங்க." இந்தப் பயத்தில் எத்தனை பெண்கள் வளர்ப்புப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்! பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆதரவற்ற குழந்தையைக் கண்டெடுத்தால் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் குற்றம் என்கிறது 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் அதே சட்டம், குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையைத் 'தகுதியான நபரிடம்' ஒப்படைக்கலாம் என்றும் சொல்கிறது. 2022ல் வந்த மிஷன் வாத்சல்யா விதிப்படி, ஒப்புதல் கிடைத்தால் மாதம் 4000 ரூபாய் உதவியும் உண்டு. இரண்டு வருஷம் மலம் அள்ளி, கஞ்சி ஊட்டி, ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தவளைவிடத் தகுதியான நபர் யார்? பட்டா நிலமும் மாடி வீடும் இருந்தால்தான் தகுதியா?

உத்தரவு கிடைத்தாலும் பயிற்சி மையம் மாவட்டத் தலைநகரில். வாரத்துக்கு ஒரு நாள் போனாலே மாசத்துக்கு நாலு நாள் கூலி போச்சு. 2021லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். மாவட்டத் தலைநகருக்குப் போகிற வெளியூர் பஸ்ஸில் டிக்கெட். இரண்டு மாசம் போய் மூன்றாம் மாசம் நின்றால், "தொடர்ந்து வரல" என்று நோட்டில் எழுதி விடுவார்கள். சுரண்டலுக்குப் பெயர் அலட்சியம்!

ஆகவே கேட்பது பிச்சை அல்ல. பரிசோதனைக் குழுவின் வண்டி ஊர்த்தெருவில் நின்றுவிட்டுத் திரும்பக் கூடாது. காலனிக்குள் வர வேண்டும். யாரைப் பார்த்தார்கள், யாரை எங்கே அனுப்பினார்கள் என்ற விவரம் அங்கன்வாடிச் சுவரில் இருக்க வேண்டும். பயிற்சி ஒன்றியத்துக்கு ஒன்றியம் வர வேண்டும். தூக்கி வருகிறவருக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். வளர்க்கிறவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காமல் ஒப்படைப்பு உத்தரவு தர வேண்டும்.

நம் தலைவர்களுக்கும் ஒரு கேள்வி. வேலைவாய்ப்பில் பங்கு கேட்கிறீர்கள், கேளுங்கள். எழுந்து நிற்கவே முடியாத நம் இரண்டரை வயசுப் பிள்ளைக்கு எந்த மேடையில் தீர்மானம் போட்டீர்கள்? அடுத்த முறை அந்த அக்கா தனியாகப் படியேறக் கூடாது. பத்துப் பேர் கூடப் போவோம். "நீ யாரு அதுக்கு" என்று கேட்கட்டும். பத்துப் பேரும் பதில் சொல்வோம்.